வாய் திறக்காத உத்தரவுகள்

மேலதிகாரியின் முகத்தைப் படித்தே பாதி வேலை நேரத்தைக் கழிக்கிறார்கள் ஊழியர்கள். ஊழியரின் முகத்தைப் படிப்பது யார்? ரமணாசிரமத்தின் சமையற்கட்டிலிருந்து தி.நகர் ஜவுளிக்கடை வரை ஒரு பார்வை.

திருவண்ணாமலை ரமணாசிரமத்தின் பழைய ஹாலில் நடந்ததாக அன்பர்களின் நினைவுக் குறிப்புகளில் வரும் சம்பவம் இது. தரையில் உட்கார்ந்து பழக்கமில்லாத வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் ரமணர் எதிரில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். பெரியவர்கள் முன்னால் கால் நீட்டுவது நம் ஊரில் மரியாதைக் குறைவு. அணுக்கத் தொண்டர் ஒருவர் போய், காலை மடக்கிக்கொள்ளும்படி சொன்னார். அந்த அம்மாள் சிரமப்பட்டு மடக்கிக்கொண்டார்.

சோபாவில் கால் நீட்டியிருந்த ரமணரும் இதைப் பார்த்தார். தன் கால்களையும் மடக்கிச் சம்மணம் போட்டுவிட்டார். அவருக்கு முழங்காலில் வாத வலி. அதிக நேரம் அப்படி உட்கார முடியாது என்பது ஹாலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நீட்டிக்கொள்ளும்படி தொண்டர்கள் எவ்வளவோ கேட்டும் அவர் இசையவில்லை. கால் நீட்டக்கூடாது என்பது விதியானால் அது தனக்கும்தான் என்பது அவர் கட்சி.

தொண்டரை அவர் கூப்பிட்டுக் கண்டிக்கவில்லை. சுற்றறிக்கை எதுவும் ஒட்டப்படவில்லை. ஆனாலும் அன்று ஹாலில் இருந்த ஒருவருக்கும் விஷயம் புரியாமல் போயிருக்காது.

இதை ஆன்மிகக் கதையாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் ரமணாசிரமம் ஒரு பணியிடமும்கூட. சமையற்கட்டு, கோசாலை, புத்தகாலயம், தபால் பிரிவு, கட்டட வேலை என்று அங்கே எப்போதும் வேலை நடந்துகொண்டிருந்தது. நிர்வாகத்துக்கு சர்வாதிகாரி என்ற பதவி இருந்தது. ரமணரின் தம்பி நிரஞ்சனானந்த சுவாமி அதில் இருந்தார். எல்லோரும் அவரைச் சின்னசுவாமி என்றுதான் அழைத்தார்கள். அலுவலகங்களில் மேலாளருக்கும் ஊழியருக்கும் நடுவே பேச்சில்லாமல் நடக்கும் பரிமாற்றத்தைப் பற்றி இன்று பயிற்சி வகுப்புகளில் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள். அதில் பலவற்றை செங்கம் சாலையில் இருக்கும் இந்த வளாகம் வாழ்ந்து பார்த்திருக்கிறது. அங்கே கைகூடியதும் உண்டு, சிக்கலானதும் உண்டு.

சமையற்கட்டில் ஒரு தலைவர்

1922-இல் தாயார் அழகம்மாள் மறைந்து, மலையடிவாரத்தில் அவர் சமாதியைச் சுற்றி ஆசிரமம் உருவான பிறகு, பல ஆண்டுகள் ரமணர் விடியலுக்கு முன்பே எழுந்து சமையற்கட்டுக்குப் போவது வழக்கம். காய் நறுக்குவார், அரைப்பார், பக்குவம் பார்ப்பார். அங்கே வேலை செய்த சாந்தம்மாள், சுப்பலட்சுமி அம்மாள், சம்பூர்ணம்மாள் போன்ற பெண்களின் நினைவுகள் அச்சில் இருக்கின்றன. எதையும் வீணாக்கக்கூடாது என்பது அந்தச் சமையற்கட்டின் விதி. காய்த்தோலும் காம்பும் மாட்டுக்குப் போகும். சாப்பாட்டு ஹாலிலும் அவர் இலையில் விழுவது மற்றவர்கள் இலையில் விழுவதுதான். எல்லோருக்கும் பரிமாற முடியாத பண்டத்தைத் தனக்கு மட்டும் வைத்தால் ஏற்கமாட்டார்.

ஒரு நிறுவனத் தலைவர் இதையே செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிக்கனம் பற்றி அவர் எத்தனை கூட்டம் போட்டாலும் ஊழியர்கள் பார்ப்பது அவர் இலையைத்தான். 'செலவைக் குறையுங்கள்' என்று மின்னஞ்சல் அனுப்பிய வாரத்தில் அவர் அறைக்குப் புது சோபா வந்தால், மின்னஞ்சல் தோற்றுவிடும். சொல்லும் செயலும் முரண்பட்டால் மனிதர்கள் செயலையே நம்புகிறார்கள். இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. எந்த அலுவலகத்திலும் அட்டெண்டரைக் கேட்டால் சொல்வார்.

மௌனம் போதாத இடங்கள்

ரமணர் 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலைக்கு வந்தவர். அப்போது வயது பதினாறு. முதல் சில ஆண்டுகள் அவர் பெரும்பாலும் பேசவில்லை. அந்தக் காலத்தில்தான் வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை மலைக்கு வந்து கேள்விகள் கேட்டார். பதில்கள் சைகையாகவும் எழுத்தாகவும் வந்தன. அவற்றிலிருந்து உருவானதுதான் 'நான் யார்?' என்ற சிறு நூல்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மௌனத்துக்கே பேர்போனவர்கூட, நுட்பமான கேள்வி வந்தபோது எழுதிக் காட்டினார். 1931-இல் வந்த ஆங்கிலப் பத்திரிகையாளர் பால் பிரண்டன் முதல் அமர்வில் நெடுநேரம் ஒரு வார்த்தையும் இல்லாமல் உட்கார்ந்திருந்ததை 1934-இல் வெளியான தன் நூலில் எழுதியிருக்கிறார். அது மன அமைதி தேடி வந்தவருக்குப் போதுமானதாக இருந்தது. சுவர் எழுப்ப வந்தவருக்கு அது போதாது.

1928-இல் ஆசிரமத்துக்கு வந்த அண்ணாமலை சுவாமி கட்டட வேலைகளை மேற்பார்வை செய்தவர். எங்கே, எவ்வளவு, எப்படி என்று ரமணர் அவரிடம் வாய்விட்டுச் சொல்லியே வேலை வாங்கினார். இருந்தும் கோசாலை கட்டும்போது சிக்கல் வந்தது. பெரிதாகக் கட்ட வேண்டும் என்பது ரமணரின் எண்ணம். பணம் எங்கிருந்து வரும் என்ற கவலையில் இருந்த சின்னசுவாமிக்குச் சிறியது போதும். அண்ணாமலை சுவாமியின் நினைவுகளில் இந்த இழுபறி விரிவாகவே வருகிறது. மேலே இருக்கும் இருவர் நேருக்கு நேர் பேசித் தீர்க்காததை நடுவில் இருந்தவர் சுமந்தார், திட்டும் வாங்கினார்.

இன்றும் எந்த நிறுவனத்திலும் இது நடக்கிறது. பெரிய முதலாளி கண்ணைக் காட்டுவார், மேனேஜர் கையைக் காட்டுவார், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சூப்பர்வைசர் நடுவில் நிற்பார். பார்வையும் புன்னகையும் மதிப்பைச் சொல்லும், மனநிலையைச் சொல்லும். அளவையும் பொறுப்பையும் யார் சொல்வது கடைசி வார்த்தை என்பதையும் அவற்றால் சொல்ல முடியாது. அதற்கு வாய் வேண்டும், முடிந்தால் எழுத்தும் வேண்டும்.

குறிப்பறிவது யார் வேலை?

திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உண்டு. காமத்துப்பாலில் இருப்பது காதலர்களுக்கு. பொருட்பாலில், 71-ஆம் அதிகாரமாக இருப்பது அமைச்சர்களுக்கு. அரசன் சொல்லாததை அவன் முகத்திலும் கண்ணிலும் படித்தறிவதே அதன் பொருள் என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். அதற்கு முந்தைய அதிகாரம் இன்னும் கறார். பெரியவர் முன்னிலையில் பக்கத்தில் இருப்பவர் காதில் கிசுகிசுப்பது, இன்னொருவரைப் பார்த்துச் சிரிப்பது இரண்டும் கூடாது என்கிறது. மீட்டிங்கில் மேனேஜர் பேசும்போது பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்துச் சிரித்து மாட்டிக்கொண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அரசனிடம் வேலை பார்ப்பவனுக்குத் தலையே பணயமாக இருந்த காலத்தில் அது உயிர் காக்கும் அறிவுரை. ஆனால் அந்தக் காலத்தின் ஏற்பாடு இன்னும் அலுவலகங்களில் அப்படியே நீடிக்கிறது. படிக்க வேண்டிய பொறுப்பு முழுக்கக் கீழே இருப்பவருக்கு. 'சார் இன்னைக்கு மூட் எப்படி?' என்று பி.ஏ.விடம் கேட்டுவிட்டுத்தான் லீவ் லெட்டரையே நீட்டுகிறோம். கோப்பை மேசையில் வைக்கும் சத்தத்திலிருந்து, காலிங் பெல்லை எத்தனை முறை அடிக்கிறார் என்பதிலிருந்து அன்றைய வானிலையைக் கணக்கிடுகிறோம். அரசு அலுவலகங்களில் நாற்காலியின் முதுகில் போட்ட டர்க்கி டவலே பதவியைச் சொல்லிவிடும். எதிரில் நிற்பவர் மடித்துக் கட்டிய வேட்டியைத் தானாக இறக்கிவிடுவார். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கணக்குப் போடுவதில் செலவாகும் கவனம் வேலையிலிருந்துதான் கழிகிறது. ஆசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிற்றுண்டிக் கடையில் காலை நேரக் கூட்டத்தின்போது இதைக் கண்ணெதிரே பார்க்கலாம். கல்லாவில் இருப்பவர் வாயே திறப்பதில்லை. புருவத்தை மூலை மேசைப் பக்கம் தூக்கினால் துடைக்கும் பையன் துணியோடு ஓடுகிறான். இரண்டு விரல் காட்டினால் இரண்டு காபி. உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டினால் பொங்கல் தீர்ந்துவிட்டது. இதுவரை எல்லாம் அழகான ஏற்பாடு. இரைச்சலில் கத்துவதைவிட இது வேகம்.

ஒரு சப்ளையர் கையிலிருந்து கொஞ்சம் சாம்பார் மேசையில் சிந்தியது. கல்லாவிலிருந்து ஒரு பார்வை வந்தது. கொஞ்சம் அதிக நேரம் நிலைத்து நின்ற பார்வை. வேறொன்றும் இல்லை. அடுத்த மேசைக்குப் போன சப்ளையர் சாம்பார் வாளியைப் பார்த்து ஊற்றவில்லை. கல்லாவைப் பார்த்துக்கொண்டே ஊற்றினார். அங்கேயும் சிந்தியது.

மிரட்டும் பார்வை வேலையைத் திருத்தாது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடைக்காது.

ஆராய்ச்சி சொல்வதும் சொல்லாததும்

உடல்மொழிப் பயிற்சி வகுப்புகளில் கட்டாயம் ஒரு கணக்கு வரும். நாம் சொல்வதில் வார்த்தைக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகத்துக்கு 55 என்பார்கள். இது ஆல்பர்ட் மெஹ்ரேபியன் 1967-இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்தது. அவை விருப்பு வெறுப்பு போன்ற உணர்ச்சிகளைப் பற்றியவை மட்டுமே, ஒற்றைச் சொற்களை வைத்து நடந்தவை. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று மெஹ்ரேபியனே விளக்கியிருக்கிறார். அடுத்த முறை யாராவது இந்தக் கணக்கைத் திரையில் போட்டால், சம்பள உயர்வு எவ்வளவு என்பதை முகபாவத்தாலேயே சொல்லும்படி கேளுங்கள்.

நம்பத் தகுந்த ஆய்வுகளும் உண்டு. கொல்கத்தாவில் பிறந்து ஹார்வர்டில் பணியாற்றிய உளவியலாளர் நளினி அம்பாடி, ராபர்ட் ரோசென்தாலுடன் சேர்ந்து 1993-இல் ஒன்றை வெளியிட்டார். ஆசிரியர்கள் பாடம் நடத்தும் வீடியோவை ஒலி இல்லாமல் வெறும் முப்பது விநாடி பார்த்தவர்கள் போட்ட மதிப்பெண்ணும், பருவம் முழுக்க அவர்களிடம் படித்த மாணவர்கள் போட்ட மதிப்பெண்ணும் பெரிதும் ஒத்துப்போயின. மேலாளர்கள் இதைத் தங்களுக்கும் எடுத்துக்கொள்ளலாம். கதவைத் திறந்து உள்ளே வரும் அரை நிமிடத்திலேயே ஊழியர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

இன்னும் முக்கியமானது 1974-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கார்ல் வேர்ட், மார்க் ஜன்னா, ஜோயல் கூப்பர் மூவரும் செய்த ஆய்வு. வேலைக்கான நேர்காணல் போன்ற ஓர் ஏற்பாடு. கறுப்பின விண்ணப்பதாரர் வந்தபோது வெள்ளைக்கார நேர்காணல் செய்பவர்கள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்கள், பேச்சில் அதிகம் தடுமாறினார்கள், நேர்காணலைச் சீக்கிரம் முடித்தார்கள். அடுத்து அதே நடத்தையை வெள்ளைக்கார விண்ணப்பதாரர்களிடம் வேண்டுமென்றே காட்டச் செய்தார்கள். அவர்களும் திணறினார்கள், மோசமாகவே பதில் சொன்னார்கள். தள்ளி வைத்த நாற்காலியே திறமையைக் குறைத்துவிட்டது. தள்ளி உட்காருவதன் பொருள் என்ன என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நாற்காலி பேசும்

2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியிலிருந்து ஒரு புகைப்படம் வெளியானது. ஊராட்சிக் கூட்டம். மற்றவர்கள் நாற்காலியில். தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரான தலித் பெண் தரையில். வழக்குப் பதிவானது, நாடே பேசியது. அந்தப் படத்தில் எந்த வசைச் சொல்லும் இல்லை. ஒரு பலகையும் நான்கு காலும்தான் பேசின.

ஜவுளிக்கடைகளில் அந்த நாற்காலியே இல்லாமல் இருந்தது. தி.நகரிலும் மற்ற ஊர்களிலும் காலையிலிருந்து இரவு வரை நின்றபடியே புடவை எடுத்துப் போட்ட பெண்களுக்கு, வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரத் தடை. உட்கார்ந்தால் சோம்பேறி போலத் தெரியும் என்பது நிர்வாகத்தின் பார்வை. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் பெண் ஊழியர்கள் பெண்கூட்டு என்ற அமைப்பின் வழியாகப் போராடி, 2018-இல் சட்டத் திருத்தம் பெற்றார்கள். தமிழ்நாடு 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது. எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் புதுப் பிரிவு சேர்ந்தது.

சட்டம் ஸ்டூலை வாங்கி வைத்துவிடும். அதில் உட்கார்ந்ததும் மாடிப்படியிலிருந்து ஒரு முறைப்பு வந்தால், அந்த ஸ்டூல் காலியாகவே இருக்கும். கடைக்குப் போகும் நீங்களே பாருங்கள். இருக்கை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. யாராவது அதில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

பேசாமல் செய்வதும் குற்றமாகும் இடம் ஒன்றையும் சட்டம் குறித்து வைத்திருக்கிறது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், தொடுதல், பேச்சு ஆகியவற்றோடு பாலியல் தன்மை கொண்ட, விரும்பத்தகாத சொல்லற்ற நடத்தையையும் துன்புறுத்தல் என்றே வரையறுக்கிறது. 1997-இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளிலேயே இது இருந்தது. 'நான் ஒன்றுமே சொல்லவில்லையே' என்பது இனி ஒரு மேலாளருக்குத் தற்காப்பு ஆகாது. வெறித்த பார்வையையும் சைகையையும் பற்றிப் புகார் தர முடியும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அதை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும்.

தலையாட்டலை நம்பாதீர்கள்

குளிர்காலத்தில் ஆசிரமத்தை ஒட்டிய ரமண நகர்ப் பக்கம் வீடு எடுத்துத் தங்கும் வெளிநாட்டவர்கள் எல்லோருக்கும் ஒரு குழப்பம் உண்டு. சமையலுக்கு வரும் அம்மாவிடமோ ஆட்டோக்காரரிடமோ ஏதாவது கேட்டால் தலை பக்கவாட்டில் ஆடும். அது ஆமாமா, இல்லையா? நமக்கு அது 'சரி'. அவர்களுக்கு விளங்க ஒரு வாரம் ஆகும்.

நம் மேலாளர்களுக்கு ஒரு பணிக்காலமே ஆனாலும் விளங்குவதில்லை. ஊழியர் தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். பல நேரம் அதன் பொருள் 'கேட்டுக்கொண்டேன்' என்பது மட்டுமே. 'புரியவில்லை என்று சொல்லப் பயமாக இருக்கிறது' என்றும் இருக்கலாம். தலையைச் சொறிவது, கண்ணைத் தாழ்த்துவது, நாக்கைக் கடிப்பது, 'பார்க்கலாம் சார்' என்று குரல் இறங்குவது எல்லாம் தகவல்கள். மேலே இருப்பவர் பார்க்காததால் அவை வீணாகின்றன. கண்ணைத் தாழ்த்துவதைத் திருட்டுத்தனம் என்று படிக்கிற மேலாளரும் உண்டு. மரியாதைக்காகக் கண்ணைத் தாழ்த்தும்படி பிள்ளைகளை வளர்ப்பதும் நாம்தான்.

வேலை திரைக்குள் போன பிறகு இந்தச் சிக்கல் இரட்டித்திருக்கிறது. வீடியோ கூட்டங்கள் ஏன் களைப்பூட்டுகின்றன என்பதற்கு ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் சில காரணங்கள் சொன்னார். எல்லா முகங்களும் மிக அருகில் ஓயாமல் நம்மையே பார்ப்பது ஒன்று. நம் முகத்தையே நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருப்பது இன்னொன்று. உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய முடியாததும் குறிப்புகளைப் படிக்க அதிக முயற்சி தேவைப்படுவதும் மற்றவை. நேரில் என்றால் தோளில் தட்டுவார், தேநீர்க் கடைக்குக் கூப்பிடுவார். வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. இரவு பதினொரு மணிக்கு அனுப்பிய செய்திக்கு மேலாளர் போட்ட கட்டைவிரல் பாராட்டா, எரிச்சலா, வெறும் பழக்கமா என்று யோசித்தே தூக்கத்தைத் தொலைப்பவர்கள் பலர். இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் அவர்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

மேலாளருக்குச் சில வார்த்தைகள்

ஊழியர்களுக்கு அறிவுரை சொல்லப் போவதில்லை. அவர்கள் ஏற்கெனவே தேவைக்கு மேல் குறிப்பறிகிறார்கள். சொல்ல வேண்டியது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு.

உள்ளே வருபவரை முதலில் உட்காரச் சொல்லுங்கள். அவர் பேசும்போது செல்போனைக் கவிழ்த்து வையுங்கள். தவறு நடந்தால் முறைக்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டு, என்ன தவறு, எப்படிச் சரிசெய்வது என்று வாயால் சொல்லுங்கள். பாராட்டை மட்டும் நாலு பேர் முன்னால் முகத்திலும் காட்டுங்கள். வேலை சொன்னதும் 'புரிந்ததா?' என்று கேட்காதீர்கள், அதற்குத் தலைதான் ஆடும். 'எப்படிச் செய்யப் போகிறீர்கள்?' என்று கேளுங்கள். வீட்டில் நடந்த சண்டையை முகத்தில் சுமந்து வந்த நாளில், 'இன்று எனக்கு வேறு கவலை, உங்கள் மேல் கோபமில்லை' என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். நாள் முழுக்கப் பத்துப் பேர் ஊகம் செய்வது மிச்சமாகும். விதி போடுவதற்கு முன், அதை உங்களால் கடைப்பிடிக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்த விதியை மற்றவர்களுக்கும் போடாதீர்கள்.

குறிப்பறிதலை இத்தனை காலம் கீழே இருப்பவரின் கடமையாகவே வைத்திருந்தோம். சம்பளத்தையும் லீவையும் வேலையையும் தீர்மானிக்கிறவர் மேலே இருப்பவர். யாரிடம் அதிகாரம் இருக்கிறதோ அவர்தான் எதிரில் இருப்பவரின் முகத்தைப் படிக்கக் கடமைப்பட்டவர். அதைச் செய்யத் தெரியாதவருக்குப் பதவி உயர்வு தருவதை நிறுவனங்கள் நிறுத்த வேண்டும்.